வெள்ளத்துரை சார் கட்டிக்கொண்ட காப்பு

எங்கள் பள்ளி டிரில் வாத்தியார் வெள்ளத்துரை ஆசிரியர் அறையில் உட்காரவே மாட்டார். "உக்காந்தா பெறகு எந்திக்க மனசு வராது வே" என்பார். வயது நாற்பத்தாறு. சடுகுடு ஆடி அடிபட்ட வலது முழங்கால் மடங்காது.

பந்தால் பையன்கள் கெடுகிறார்கள் என்று தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை என்று பெற்றோர்கள் வந்து திட்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு மைதானத்துக்குப் போவார். அங்கே வேப்பமரத்தடியில் வீட்டுப்பாடத்தைக் காட்டினால்தான் பந்து கிடைக்கும். கணக்கு சரியா என்று அவருக்குத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்ப்பார். மை ஒட்டினால் இப்போதுதான் பார்த்து எழுதியிருக்கிறான். "போலே, இன்னைக்கு வேடிக்கை பாரு."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மழை பொய்த்த அந்த வருஷம்தான் தற்காலிக ஆசிரியராகச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். விளையாட்டு, மேளம், திருவிழா எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துத்தான் நான் படித்தேன். அதனால் அவர் செய்வது எனக்கு வீண்வேலையாகத் தெரிந்தது.

பள்ளி இறுதி வகுப்பில் துரைப்பாண்டி என்று ஒரு பையன். கரிவலம்வந்தநல்லூருக்குக் கிழக்கே கரிசல் கிராமத்துக்காரன். அவன் ஊர் அம்மன் கோயில் கொடைவிழாவில் ஒயிலாட்டம் ஆடச் சம்மதம் கேட்டபோது, வெள்ளத்துரை சார் யோசிக்காமல் சரி என்றார். அது அவர் மனைவியின் ஊர். பங்குனிக் கடைசிச் செவ்வாயில்தான் அங்கே கொடை, அதற்குள் பரீட்சை முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் குளம் வறண்டதால், மழை வேண்டி அந்த வருஷம் கொடையை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். அதை அவர் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை பரீட்சை என்றிருக்க, முந்தின வெள்ளியன்று பையனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவன் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

சனிக்கிழமை சாரை என் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோயில் முன்னால் நாட்டாமை நல்லகண்ணு இருந்தார்.

"ஒமக்குத் தெரியாததா மாப்ள? அம்மன்கிட்ட போயி பரிச்சன்னு சொல்லச் சொல்லுதீரா?"

"தப்பு எம்மேலதான் மாமா. நாந்தான் ஆடச் சொன்னேன்."

"ஒருத்தன் கொறஞ்சா வரிசையில ஜோடி ஒடஞ்சிரும். ஆளுக்கு எங்க போக?"

"நான் நிக்கேன். காப்ப எனக்கு மாத்துங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "இந்தக் காலோடயா? அண்ணாச்சி ஆடுனா அம்மன் எந்திச்சு ஓடிருவா!" என்றாள் ஒருத்தி.

துரைப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "நான் ஆடணும் சார். தை மாசத்துலேருந்து பழகுதேன். அக்டோபர்லயும் பரிச்ச வருமே."

"அக்டோபர்ல விதைப்புலே. ஒங்க அப்பன் விடுவானா?"

அருகில் நின்ற அவன் அப்பா தரையைப் பார்த்தார். பையன் மணிக்கட்டிலிருந்த காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஊர் மருமகனும் கொடைக்கு வரி கொடுக்கிறவர்தான் என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். பூசாரி பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது, அம்மனுக்குச் சம்மதம். பையனின் காப்பை அறுத்துவிட்டு, சாருக்குப் புதுக் கயிறு கட்டினார்கள். சார் அங்கேயே தங்கினார். பையனை நான் என் அறைக்கு அழைத்து வந்தேன்.

பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனான். திரும்பி வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். தலைமையாசிரியர் என்னிடம் எரிந்து விழுந்தார். "பரீட்சை நேரத்துல கூத்தாட லீவா? வரட்டும், சம்பளத்துல பிடிக்கேன்." படிப்பை மட்டும் பார் என்று துரைப்பாண்டியிடம் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லவே தேவைப்பட்டதில்லை. அது என் கெட்டிக்காரத்தனமா, விடுவதற்கு என்னிடம் அப்படி எதுவும் இல்லாமல் போனதா? தெரியவில்லை. சொல்லாமலே விட்டேன்.

கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு சைக்கிளில் என் பின்னால் ஏறிக்கொண்டான். போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இளவட்டங்கள் நடுவில் வெள்ளத்துரை சார், கையில் கைக்குட்டை, தலையில் உருமால். எல்லோரும் திரும்பிய பிறகு அவர் திரும்பினார். காப்பு அறுந்தவன் வரிசையில் சேரக்கூடாது. துரைப்பாண்டி ஓரத்தில் நின்றான்.

மேளம் ஓய்ந்ததும் சார் நொண்டிக்கொண்டே வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

"எழுதிட்டியாலே?"

"எல்லாம் எழுதிட்டேன் சார்."

"கணக்கு?"

அவன் சாரின் காலைப் பார்த்தான். "மூணாவது அடியில காலத் தப்பா வைக்கீக" என்றான்.

"தெரியும்லே. மடங்க மாட்டேங்கு."

மறுபடி மேளம் எழும்பியது. அவர் பெருமூச்சு விட்டு வரிசைக்குத் திரும்பினார். துரைப்பாண்டி அவர் நின்ற பக்கமாக நகர்ந்து போய், "வலது... பின்னால... இப்ப திரும்புங்க" என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தான். அப்படியும் சார் ஓரடி பிந்தியே ஆடினார்.