அத்தையின் கொட்டாவி

எங்கள் தெருவில் அத்தையின் கொட்டாவிக்குத் தனி மரியாதை இருந்தது. திருப்பரங்குன்றத்தில் எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை அவர். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட். காலையில் வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். சாயங்காலம் அதே வேன் அள்ளிக்கொண்டு போகும். வேலை நிரந்தரமாகும் வரை லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று அத்தை உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்துச் சுற்றிப்போட்டார். சுற்றும்போதே தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி. அதன் பின்னால் இன்னொன்று, கண்ணில் தண்ணீரோடு. சுற்றுகிறவருக்குக் கொட்டாவி வந்தால் கண்ணேறு பலமாகப் பட்டிருக்கிறது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. "ஆத்தாடி, அம்புட்டுக் கண்ணு!" என்றார் என்னைப் பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு அம்மாள். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. அதன் பிறகு அத்தையைத் தெரு விடவில்லை.

பால் குடிக்காத குழந்தை, பரீட்சையில் கோட்டை விட்ட பையன், புது பைக்கில் விழுந்து எழுந்த மாப்பிள்ளை என்று பகலெல்லாம் ஆள் வந்தது. "மதினி, ஒங்க கைக்குத்தான் கேக்குது" என்பார்கள். படுத்திருக்கும் அத்தையை எழுப்பும் பதவி எனக்கு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அத்தை கொட்டாவி விட, பார்த்துக்கொண்டிருப்பவர்களும் ஒருவர் பின் ஒருவராக விட, கண்ணேறு கூட்டமாக வெளியேறுவதை நேரில் கண்டதாகவே நம்பினேன். அத்தை யாருக்கும் மாட்டேன் என்றதில்லை. அண்ணன் வீட்டில் இருப்பவர், அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

தூக்கம் போதாத உடம்பு தன்னை விழிக்கவைக்கத்தான் வாயைத் திறந்து காற்றை இழுக்கிறது, மூளையின் சூட்டைத் தணிக்கப் பார்க்கிறது என்றெல்லாம் இப்போது சொல்கிறார்கள். ஒருவர் விட்டால் பார்ப்பவருக்கும் தொற்றுமாம். அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். நானும்தான்.

ஒருநாள் காலையில் அத்தை வேனில் வரவில்லை. பஸ் பிடித்துத் தனியாக வந்தார். மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டாராம். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை பாயில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் தூங்கியும் போனார்.

ஊரார் கண்ணையெல்லாம் எடுத்து எடுத்து, அத்தனையும் அத்தைமேல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குப் பட்டது. அவரை நினைத்து அழுகை வந்தது. அடுப்படியிலிருந்து உப்பும் மிளகாயும் அள்ளிவந்து, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அத்த, எந்திரிங்க. கெழக்கப் பாத்து உக்காருங்க."

"செத்த தூங்கிட்டு வாரேன்டி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் விடவில்லை. அத்தை மெல்ல எழுந்து, சுவரில் கையூன்றி, கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். சுற்றச் சுற்ற அவருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. பார்த்து எனக்கும் வந்தது. எல்லாம் கழிகிறது என்ற சந்தோஷத்தில், அவரைச் சாயவே விடாமல் நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.