பேக்கேஜில் இல்லாத ஃபோல்டர்

நான் செய்த தவறுக்காக ஒரு பெண் வேலையை இழந்தார். தவறு என்னுடையது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவர் மேல் போட்டேன்.

மாட்டுங்காவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் என்னை வைத்திருந்தார்கள். தாராவியில் ஒரு சிறிய இலவச ஆஸ்பத்திரிக்காக, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பதியும் மென்பொருள் பகுதி ஒன்றை, மாட்யூல் என்பார்கள், எழுதினேன். டேட்டாபேஸ் என்பது கோடு போட்ட பதிவேடு மாதிரி. புதிய விவரம் ஒன்றை எழுத வேண்டுமானால் முதலில் அதற்கென்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி போட வேண்டும். அந்தப் பத்தியைப் போடும் கட்டளைக் கோப்புகளுக்கு மைக்ரேஷன் என்று பெயர். மாட்யூலை வேறு கணினிக்கு அனுப்ப பேக்கேஜாகக் கட்டும்போது அவற்றையும் உள்ளே வைக்க வேண்டும்.

நான் வைக்கவில்லை. பேக்கேஜில் போக வேண்டியவற்றின் பட்டியலில் அந்தக் கோப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயர் விட்டுப்போயிருந்தது. என் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அங்கே அந்தப் பத்தியை நான் என்றோ போட்டிருந்தேன். இன்னொன்றும் செய்திருந்தேன். ஆஸ்பத்திரியில் திரை நின்றுபோனால் அவமானம் என்று, பத்தி இல்லாவிட்டாலும் பிழை காட்டாமல் மேலே போகும்படி இரண்டு வரி எழுதியிருந்தேன்.

அதை அங்கே கணினியில் நிறுவப் போனவர் எங்கள் அலுவலகப் பெண். நாற்பது வயது, திருநெல்வேலிக் குடும்பம், தாராவியிலேயே வீடு. மறுநாள் போன் செய்தார்.

"சார், எழுதுன குறிப்பு நிக்க மாட்டேங்கு. சேவ் ஆயிட்டுன்னு காட்டுது. திரும்பத் தொறந்தா வெறுசா கெடக்கு."

"மைக்ரேஷன் ஓட்டினேளா?"

"ஓட்டுனேன் சார். ஓட்டுததுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுது."

"அப்படின்னா எல்லாம் ஏற்கெனவே ஓடியாச்சுன்னு அர்த்தம்மா. ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கோ" என்று போனை வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பெனிசிலின் ஆகாத ஓர் அம்மாவுக்கு அதே ஊசியைப் போட்டார்கள். ஆகாது என்று அவர் முந்தின வாரமே சொல்லியிருந்தார்; சிஸ்டரும் அதைக் கணினியில் ஏற்றியிருந்தார். ஊசி போட்ட அன்று திரை வெறுமையாக இருந்தது. முகம் வீங்கி, மூச்சு நின்றுபோகும் நிலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

செய்தி வந்ததும் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தேன். ஃபோல்டர் இல்லை. ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டியது அதனால்தான். அரை மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். அந்தப் பெண்ணும் அங்கே நின்றிருந்தார்.

"பேக்கேஜ் சரியா இருக்கு. இன்ஸ்டால் பண்ணும்போது மைக்ரேஷனை ஓட்டலை" என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். நான் ஃபோல்டரைச் சேர்த்து, புதிய பதிப்பு எண் கொடுத்து, சத்தமில்லாமல் இன்னொரு பேக்கேஜ் அனுப்பினேன்.

வருடங்கள் போய்விட்டன; இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்தப் பழைய பேக்கேஜை மட்டும் அழிக்க முடியவில்லை. போன மாதம் அதை ஒரு பென் டிரைவில் போட்டு, தவறை ஒப்புக்கொண்டு முதலாளிக்கு ஒரு கடிதமும் எழுதி எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அங்கே அந்தப் பெண் ரேஷன், ஆதார் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார்.

"தப்பு என்னோடதும்மா. இதுல அந்த ஃபோல்டரே கிடையாது" என்று பென் டிரைவையும் கடிதத்தையும் நீட்டினேன்.

"தெரியும் சார். சேதி வந்த அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்."

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன். ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேம்லா? பொறவு நான் சொன்னா யாரு நம்புவா?" கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "இது எனக்கெதுக்கு? தெனமும் அந்த இலவச ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போறேன். சிஸ்டர் இன்னமும் என்னயப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. அங்க வந்து சொல்லுதியளா?"

உடனே போனோம். வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படியே சொன்னேன். சிஸ்டர் எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊசி போட்டது நான்தான் சார். அந்த அம்மா சுனாபட்டியில இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அந்த அம்மா பிழைத்தாரா என்று இத்தனை வருடங்களில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

"இதுக்கு நான் வரல. நீங்க மட்டும் போங்க" என்றார் அந்தப் பெண்.

போனேன். அந்த அம்மா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். மைக்ரேஷனும் பேக்கேஜும் அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

"எனக்கு ஆகாதுன்னு சொன்னேனே, அத எங்க எழுதி வச்சீங்க?" என்றார்.

"எங்கேயும் எழுதலைம்மா" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டார்.