கல்லிடுக்கு அரிசி

மட்டாஞ்சேரி பஜாரில் பாக்கியலக்ஷ்மி கார்ப்பரேஷன் துடைப்பம் பிடித்துப் பதினேழு வருஷமாகிறது. ரோட்டு வேலை முடிந்ததும் அரிசி கோடௌன் வாசலையும் அவள்தான் பெருக்குவாள். கூலி கிடையாது. சிந்தின அரிசி பெருக்கினவளுக்கு, அங்கே வழக்கம் அதுதான்.

அந்த அரிசியை ஒருநாளும் அவள் உலையில் போட்டதில்லை. எல்லாம் கொல்லைக் குருவிகளுக்கு. புண்ணியம் தேடுகிறாள் என்று நினைத்தால் தப்பு. புருஷனுக்காகத்தான். வெங்கிடேஷ் அதே பஜாரில் மூட்டை தூக்கினவர். லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கத் தொடங்கி நாலு வருஷம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது, அப்படியொரு கல்லுளிமங்கன். ஆனால் தனுமாசம் என்கிற மார்கழிக் குளிரில் குருவிகள் கூட்டமாக வரத் தொடங்கினால் ஆளே மாறிவிடுவார். எது திருடி, எது சண்டைக்காரி என்று ஜன்னல் வழியே காட்டிக் கொடுப்பார். ரெண்டு கவளம் கூடுதலாய் இறங்கும். வருஷத்தில் அந்த ரெண்டு மாசம்தான் அவளுக்குப் புருஷன் என்று ஒருவர் இருந்தார்.

பனி அவருக்கு ஆகாது. அதனால் விடியுமுன் கொல்லையில் அரிசியைத் தூவி, ஜன்னலை அடைத்துவிட்டு வேலைக்குப் போவாள். பத்து மணிக்கு வந்து திறந்து, இன்னொரு பிடி போடுவாள்.

இந்தத் தனுவில் ஒருநாள் வாரிய அரிசியில் சிவப்பு மணி கலந்திருந்தது. மட்ட என்கிற சிவப்பரிசி மூட்டை கிழிந்திருக்கும் என்று நினைத்தாள். சிவப்பரிசிச் சோறு தின்கிற ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? மறுநாள் விடியுமுன் புடைத்துத் தூவிவிட்டுப் போனாள்.

கோடௌன் பார்த்துக்கொள்கிற ஷாஃபி அன்று அவளைக் கண்டதும் கேட்டான்.

"நேத்து வாசல்ல சிந்தினதை வாரினியா பாக்யேச்சி? அந்தச் சிவப்பு மணி எலிமருந்து புரட்டின அரிசியாக்கும்."

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பதினொரு குருவி செத்துக் கிடந்தது. சண்டைக்காரியும் அதில் இருந்தாள். முறத்தில் அள்ளி, வாழைமூட்டில் புதைத்தாள். பாவி, நானே என் கையால் போட்டேனே என்று அழக்கூட அவளால் முடியவில்லை, உள்ளே அவருக்குக் கேட்டுவிடும்.

தரையை எத்தனையோ வாளித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். சிவப்பு வெட்டுக்கல் பாவிய தரை. இடுக்கில் இன்னும் எத்தனை சிவப்பு மணி கிடக்கிறதென்று யார் கண்டார்கள்?

அவர் தினமும் வெறுங்கொல்லையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சோறு குறைந்தது. வந்ததா என்று கேட்பார், வரவில்லை என்பாள்.

ஏழாம் நாள் காலை, ஜன்னலைத் திறக்கப்போகும் நேரத்தில் ரெண்டு குருவி வந்து இறங்கின. அவள் மடியில் ரேஷன் கடை நல்லரிசி இருந்தது. அதை எடுப்பதற்குள் ரெண்டும் நேரே கல்லிடுக்கைக் கொத்தப் போயின. துடைப்பத்தை ஓங்கி வீசினாள். பறந்து போயின.

"என்னமோ சத்தம் கேட்டுச்சே. வந்துச்சா பாக்கியம்?"

"இல்லே. காக்கா."



"அப்ப இனி ஜன்னலைத் திறக்க வேண்டாம்."