மாமாவைப் பற்றி விசாரித்தார்கள்

அகதி என்பது ஏதோ பெரிய உத்தியோகம் என்றுதான் நினைத்திருந்தேன். என் மாமாவுக்கு வெளிநாட்டில் அது கிடைக்கப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்!

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலைமேல் தேவனூர் நாட்டில் (எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது) எங்கள் ஊரிலேயே மிளகும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு கடுங்காய்ச்சலிலிருந்து பிழைத்த பிறகு ஏசுசாமியைக் கும்பிட ஆரம்பித்தார். கோயில் பொங்கலுக்கு வரமாட்டேன் என்றார். ஊர் கூடி, அவரோடு யாரும் பேசக்கூடாது, குழாயில் தண்ணீர் பிடிக்க விடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. மிளகுக் கொடிகளை யாரோ அடியோடு வெட்டினார்கள். பிறகு வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். போர்வெல் லாரியில் ஏறிப் போனவர், எப்படியோ வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவப் போய்ச் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து, இங்கேயே இருக்க விடுங்கள் என்று அந்த நாட்டிடம் கேட்டிருந்தார்.

"ஆபீஸ்ல இருந்து கூப்புடுவாங்க மச்சான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்" என்று அப்பாவிடம் போனில் சொல்லியிருந்தார்.

அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். போனில் பேச எதற்கு வெள்ளை வேட்டி என்று யாரும் கேட்கவில்லை. டவர் கிடைக்கும் பாறைமேல் அப்பா, அம்மா, நான் மூவரும் போய் உட்கார்ந்தோம். அதிகாரி கேட்பதை ஒரு பெண் இலங்கைத் தமிழில் சொன்னார்.

"உங்கட மச்சினன் ஊருக்குத் திரும்பினால் ஆபத்து ஏதும் இருக்கோ?"

எங்கள் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் ஊரில் வந்து விசாரிப்பார்கள். அவர்களிடம் ஆளைப் பற்றியும் ஊரைப் பற்றியும் நல்லதைத் தவிர ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் காரியம் கெட்டது. அப்பாவுக்கு விசாரணை என்றால் அதுதான்.

"ஆபத்துங்களா? எங்க ஊரு தங்கமான ஊருங்க! மாப்பிள்ளைன்னா எல்லாத்துக்கும் உசுருங்க. வரச் சொல்லுங்க, மேளம் வெச்சுக் கூட்டியாறோம்."

அம்மா அவர் கையைக் கிள்ளினாள். அவர் தட்டிவிட்டார்.

"வீட்டை எரிச்சவை எண்டு சொல்லுறாரே?"

"அது பழைய கூரைங்க. புதுசா ஓடு போட்டுத் தாரோமுங்க."

அடேயப்பா, எங்கள் அப்பா என்னமாய்ப் பேசுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. போனை வைத்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எந்தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

அப்பா திருதிருவென்று விழித்தார். "நல்லதைத்தானே புள்ள சொன்னேன்?"

நானும் அதையேதான் நினைத்தேன். நல்லது சொன்னதற்கு யாராவது அழுவார்களா?

மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மலையேறவில்லை. அடிவாரத்தில் புளியஞ்சோலைக்கு வந்து நின்றுகொண்டு போன் செய்தார். அப்பாவும் நானும் இறங்கிப் போனோம். ரொம்ப இளைத்திருந்தார். அப்பாவைத் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ என் கன்னத்தைத் தொட்டு, "பெரிய புள்ளயாயிட்டியே கண்ணு" என்றார். பிறகு ஆசையோடுதான் கேட்டார்:

"ஊரு மாறிடுச்சுங்களா மச்சான்? அவங்ககிட்ட சொன்னீங்களே… நான் மேல வரலாமுங்களா?"

அப்பா அங்கே ஓடிய ஓடையில் இறங்கி முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "துறையூர்ல ஒரு ரூம் பாத்துத் தாரேன் மாப்பிள்ளை" என்றார்.

கண்காணாத அதிகாரியிடம் அத்தனை சத்தமாக "வரச் சொல்லுங்க" என்றவர், எதிரே நின்ற மாமாவிடம் "வா" என்று ஏன் சொல்லவில்லை? மலையேறும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குப் புரியவே இல்லை.