ஒரே தடவை சொல்லிவிட்டு மறந்துவிட

பேருந்து காந்திகிராமத்தைத் தாண்டியதும் இளவேனில் ஜன்னலில் தலை சாய்த்துவிடுகிறாள். தூக்கமில்லை. சிறுமலை மேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி, தான் கட்டும் இணையதளத்துக்குள் யாரோ நடந்துபோவதாகக் கனவு காண்கிறாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அனுப்பப்படுகிறவர்கள் அவள் கண்ணுக்குப் பை தூக்கிய விருந்தாளிகள். "முத வீட்ல சொன்னத அடுத்த வீட்லயும் சொல்ல வச்சா யாருக்குத்தான் கோவம் வராது?" என்பாள். இந்த யோசனையில் திண்டுக்கல்லில் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுவதும் உண்டு.

இப்போது அவள் கையில் இருப்பது ஒரு மகளிர் மருத்துவமனையின் முன்பதிவுத் தளம். முதல் பக்கத்தில் உடம்புக்கு என்னவென்று எழுதினால், அது அடுத்த பக்கத்துக்குக் கூடவே வரவேண்டும். அதை இணைய முகவரியின் வாலிலேயே கட்டி அனுப்பியிருந்தாள். சோதனைக்கு மற்றவர்கள் வாய்க்கு வந்ததைத் தட்டுவார்கள். இவளோ மனசில் கிடந்ததைத் தட்டினாள்: 'ரெண்டு தடவ கலஞ்சிருச்சு. அவருக்கு மட்டுந்தான் தெரியும்.'

பக்கம் அழகாக வந்துவிட்ட பூரிப்பில் முகவரியை அப்படியே நகலெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். வாலில் கட்டிய அந்த வாக்கியங்களும் சேர்ந்து போய்விட்டன.

ஓரகத்தி ஜீவிதாதான் முதலில் திறந்து பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, இது யாரு எழுதுனது?"

"சும்மா, சோதனைக்குப் போட்டதுக்கா."

"சரி, அழிச்சிரு. அத்தை இன்னும் போனைத் தொடல."

அழித்துவிட்டாள். ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

அதன்பிறகு வேறு வழி செய்தாள். எழுதியது முகவரியில் தெரியாது. சர்வரிலேயே இருந்து, எழுதியவருக்கு மட்டும் அடுத்த பக்கத்தில் ஒரே தடவை தெரியும். உறுதி செய்தால் மருத்துவரிடம் போகும். இல்லையென்றால் மறைந்துவிடும்.

"சேதிய ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிரணும்" என்று உடன் வேலை பார்க்கும் ஜெரோமிடம் விளக்கினாள்.

"அம்புட்டு நல்ல ஆளு நம்ம ஊர்ல யாரு இருக்கா?" என்று அவன் சிரித்தான்.

தளம் திறந்த அன்று, பழைய வாக்கியங்களையே மறுபடி எழுதி அனுப்பினாள். வந்த பக்கத்தின் முகவரியை ஜெரோமின் கணினியில் திறந்தாள். கட்டம் காலியாக இருந்தது. தன் இடத்துக்குத் திரும்பினாள். அங்கே அவள் எழுதியது மட்டும் அவளுக்காகக் காத்திருந்தது.

சோதனையில் இந்த இடம் வந்ததும் பக்கத்தை மூடிவிடுவாள். இன்று மூடவில்லை. பெயர்க் கட்டத்தில் இளவேனில் என்று எழுதி, வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்து, 'உறுதி செய்க' என்பதை அழுத்தினாள்.