பந்தலுக்கடியில் ஒரு கோடு

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் நலம் விசாரிக்கக்கூட நிற்கவில்லை.

"சார், டீச்சரும் நீங்களும் கார்ல ஒரு மெஷினை வச்சுக்கிட்டு எங்க தோட்டத்து வழியா வந்தீகள்ல? அந்த வழி இப்ப என் பந்தலைச் சாச்சுப்புடும் போலருக்கு."

நாங்கள் போன காலத்தில் அது இரண்டு தோட்டங்களுக்கு நடுவே விட்டிருந்த வண்டிப்பாதை. பிறகு பக்கத்துத் தோட்டத்தையும் அவரே வாங்கி, பாதையையும் சேர்த்துக் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டுவிட்டார். நிலத்தில் பாதை போய்விட்டது. கைபேசி வரைபடத்தில் மட்டும் அப்படியே இருந்தது. சுருளி அருவிக்குப் போகும் வெளியூர் வேன்களை வரைபடம் அதைக் குறுக்குவழி என்று சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கூரைமேல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று கம்பியை இழுத்து இரண்டு தூண்களைச் சாய்த்திருந்தது. பழம் நிறம் பிடிக்கும் சமயம். கொடியின் பாரம் முழுவதும் கம்பியில்தான் இருக்கும். இன்னொரு வண்டி இடித்தால் அறுவடைக்கு முன்பே பந்தல் தரையில் கிடக்கும்.

"வழி இல்லைன்னு போர்டு வச்சேன். முள்ளு வெட்டிப் போட்டேன். எறங்கி முள்ளை ஒதுக்கிட்டு வர்றாய்ங்க. கேட்டா, மேப்புல வழி இருக்குங்குறான். 'அப்ப மேப்புக்குள்ளயே ஓட்டுய்யா, எதுக்கு என் தோட்டத்துக்குள்ள ஓட்டுற'ன்னேன். சிரிக்கிறான் சார்."

கடைசியாக, "டீச்சர்ட்டச் சொல்லுங்க. அவுக தம்பி கம்பெனிதான அது? அவுக ஒரு வார்த்தை சொன்னா அழிச்சுருவாரு" என்றார்.

டீச்சர் என்று அவர் சொன்ன என் மனைவி இறந்தது அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது. அதன் நடுவில் இடப்புறமாக ஒரு சிறு நெளிவு. அந்த நெளிவு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அக்காலத்தில் நான் தேனியில் ஒரு கல்லூரியில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வரைபடம் என்றால் துறை அலமாரியில் சுருட்டி வைத்திருக்கும் நில அளவைத் தாள்கள்தாம். என் மனைவியின் தம்பி பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு ஒரு மெத்தைக் கடையின் மாடியில் அறை எடுத்து, நாட்டின் சாலைகள் அனைத்தையும் கணினிக்குள் வரையப்போவதாகச் சொன்னார். கைபேசியில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"யாரு வாங்குவாகன்னு தெரிஞ்சா பேங்க்காரனே தொடங்கியிருப்பானே மச்சான். தெரியாததுனாலதான் ஸ்டார்ட்-அப்பு."

பெருநகரங்களுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். சிறிய ஊர்களுக்கு உறவினர்களைப் பிடித்தார்கள். கோடை விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கு எங்கள் பங்குக்கு வந்தது. உள்ளங்கை அகலக் கருவி ஒன்றைக் காரின் முன்கண்ணாடிக்கடியில் ஒட்டி, அதன் கம்பியை மடிக்கணினியில் செருக வேண்டும். கார் நகர நகரத் திரையில் புள்ளிகள் விழும். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். வண்டி நின்றால் புள்ளிகள் ஒரே இடத்தில் எறும்பு மொய்த்தாற்போல் குவியும். செயற்கைக்கோள்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனால் நான் பிரேக்கை மிதித்ததை அவை அறிந்துகொண்டன என்பது, அதைக் கண்ணால் பார்த்தபோது, எனக்குப் புதிதாகவே இருந்தது.

என் மனைவி பள்ளியில் கணிதம் கற்பித்தவர். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் வருபவற்றுக்கு உரிய விசையை அழுத்துவது அவர் வேலை. நான் வேகமாக ஓட்டினால், "கோடு கோணலாகுது பாருங்க, ரூல் பென்சிலைப் பிடிச்ச மாதிரி போங்க" என்பார்.

நாங்கள் வீரபாண்டிப் பகுதியை அளந்தது சித்திரைத் திருவிழா நாட்களில். வாகனங்களை மாற்றுவழியில் விட்டிருந்தார்கள். அந்த வழியிலேயே நாங்களும் போனோம். ஒரு வாரம் கழித்து மைத்துனர் அழைத்தார். "மச்சான், தேனியிலருந்து கம்பத்துக்கு வருசம் பூராவுமா ஊரைச் சுத்திக்கிட்டுப் போறாக?" அவர் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். என் மனைவி தொலைபேசியைப் பிடுங்கி, "ஏலே, திருவிழாவை மறந்துட்டயா? ஆத்தா உன் மேப்பை மன்னிக்கட்டும்" என்றார். மறுபடி போய் அளந்து வந்தோம். வரைபடம் என்பது ஒரு நாளைய உண்மை, அதை எல்லா நாளுக்கும் என்று எடுத்துக்கொள்வது பயன்படுத்துபவரின் நம்பிக்கை என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கொரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது.

காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துப் பாதையில் நுழைந்தது அதற்குப் பிறகு. பாதி வழியில் ஒரு வாய்க்கால் மடை. அதைப் பார்த்ததும் என் மனைவி நிறுத்தச் சொன்னார். இடப்புறம் ஒதுக்கி நிறுத்தினேன். அவர் இறங்கித் தம்பியை அழைத்தார்.

"ஏலே, மடைக்கு எந்தப் பட்டனை அமுக்குறது?"

"மடையெல்லாம் வேணாம்க்கா. பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, ஏடிஎம், பாலம். அவ்வளவுதான்."

"இங்கன ஏடிஎம் எங்கன இருக்கு? மடைதான் இருக்கு. தண்ணிக்கு மேல போறதெல்லாம் பாலந்தான், போ" என்று சொல்லிப் பால விசையை அழுத்தினார். பேச்சுச் சத்தம் கேட்டு வந்த தோட்டக்காரர் பன்னீர் திராட்சைக் குலை இரண்டை அறுத்துக் கொடுத்தார். மடைமேல் உட்கார்ந்து அதைத் தின்று முடிக்கும்வரை, திரையில் புள்ளிகள் குவிந்துகொண்டே இருந்தன.

மெத்தைக் கடை மாடியில் இருந்த அந்த ஓர் அறை, பிறகு ஒரு முழு மாடி அலுவலகமாயிற்று. பிறகு ஒரு பெரிய நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. எங்கள் கோடுகள் கைமாறிக் கைமாறி எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தன. கல்யாணப் பத்திரிகைகளில் மண்டபத்துக்கு வழி எழுதுவது நின்று, கைபேசியைக் காட்டினால் வழி சொல்லும் க்யூஆர் கட்டம் அச்சாயிற்று. கூரியர்காரர் முகவரி கேட்பதை விட்டு, "லொக்கேஷன் போட்டு விடுங்க சார்" என்றார். எப்போது மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை.

தோட்டத்துக்குப் புறப்படுமுன் மைத்துனரிடம் பேசினேன். பாதை அழிந்த பிறகும் கோடு ஏன் அழியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். இப்போது யாரும் கருவியோடு அளக்கப் போவதில்லை. வண்டிக்குள் இருக்கும் கைபேசிகளே தடத்தை அனுப்புகின்றன. கோட்டை நம்பி நுழையும் ஒவ்வொரு வேனும், இங்கே வழி இருக்கிறது என்று வரைபடத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. தோட்டக்காரரின் மகன் முன்பே செயலியில் ஒரு புகார் அனுப்பிப் பார்த்திருந்தார்; அது ஏற்கப்படாததன் காரணமும் இதுவே என்றார். இரு முனைகளிலும் நின்று படமெடுத்து அனுப்பினால் ஏற்பார்கள்.

நாங்கள் எடுத்த பழைய புள்ளிகள் அவரிடம் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். வித்தப்ப எல்லாத்தையும் அவுகட்ட குடுத்துட்டோம். மேப்புல கெடக்குறதுதான் மிச்சம்."

தோட்டத்தில், சாய்ந்த தூண்களுக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்திருந்தார்கள். குலைகள் என் தலையைத் தொடும் உயரத்துக்கு இறங்கியிருந்தன. மனைவி இறந்த செய்தியைத் தோட்டக்காரரிடம் சொன்னேன். தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தெரியாம டீச்சர்ட்டச் சொல்லுங்கன்னுட்டேனே சார்."

"பரவாயில்லை" என்றேன்.

இரு முனைகளிலும் படம் எடுத்தோம். செயலி எனக்கு இரண்டு தேர்வுகளைக் காட்டியது. 'இந்தச் சாலை இல்லை' என்று சொன்னால் கோடு முழுவதும் நீங்கிவிடும். 'தனியார் வழி' என்று சொன்னால் வாகனங்களுக்கு வழி சொல்லாது. ஆனால் மெல்லிய சாம்பல் கோடாக வரைபடத்தில் தங்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். வேன்கள் வராமலிருக்க அது போதும் என்பது என் வாதம். வாதம் பிழையில்லை.

சில நாட்களில் கோடு மெலிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர் அழைத்தார்.

"வேன் வரலை சார். பைக்குல வர்றாய்ங்க. நாலு பேரு தூணைப் புடிச்சு வண்டியைத் திருப்பி, முட்டுக் கழியைத் தட்டி விட்டுட்டானுக. கோடு தெரியுதே, பைக்கு போகும்னு நெனைச்சோம்ங்குறான். கோடு கெடக்குற வரைக்கும் வருவாய்ங்க சார்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதும் அவருக்குத் தெரியாது. செயலியை மீண்டும் திறந்தேன். பெரிதாக்கி, அந்த நெளிவைச் சற்று நேரம் பார்த்தேன். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, எடுக்கவில்லை. 'இந்தச் சாலை இல்லை' என்பதை அழுத்தி அனுப்பினேன்.

நில அளவைத் தாளில் ஒரு பாதை நீங்கினால், முந்தைய பதிப்பு எங்காவது ஓர் அலமாரியில் இருக்கும். இதில் முந்தைய பதிப்பு என்று ஒன்று என் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. ஒரு நாள் காலையில் பார்த்தபோது, ஊருக்கும் அருவிச் சாலைக்கும் இடையே வெறும் பச்சை நிறம் இருந்தது. அடுத்த ஞாயிறு முடிந்ததும் தோட்டக்காரர் பேசினார்.

"ஒரு ஆளுகூட வரலை சார். பந்தல் தப்பிச்சுருச்சு. வெள்ளிக்கிழமை வெட்டுறோம், வாங்க."

சென்ற முறை நான் நுழைந்த பாதை முனையையும் இப்போது அடைத்துவிட்டதாகச் சொன்னார்; எந்தப் பக்கமாக வருவது என்று கேட்டேன்.

"டவுன் பஸ்ஸுல வந்து தண்ணித்தொட்டிகிட்ட எறங்குங்க. அங்கன இருந்து தென்னந்தோப்பு ஓரமா ஒரு வரப்பு இருக்கு. நடக்கணும், பரவாயில்லையா?"

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்திலேயே வந்துவிடுவதாகச் சொன்னேன்.