நெல் காய்ந்த சாலையில் சைக்கிள் பழகியவர்

சைக்கிள் சுற்றுலாவுக்கு வழிகாட்டியாக நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் பாபநாசத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் இந்தச் சுற்றுலாவை நடத்துபவருக்கு வாய்க்கால் கரைகளும் தெரிந்து, ஆங்கிலமும் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டது. வரப்பிலேயே சைக்கிள் ஓட்டி வளர்ந்தவள் நான். "வழி காட்டணும், அப்பப்ப தண்ணி குடிக்கச் சொல்லணும், யாரும் தொலைஞ்சு போகாம பாத்துக்கணும். அவ்வளவுதாங்க" என்றார் அவர். அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

முதல் குழு தை மாதக் கடைசியில் வந்தது. கும்பகோணத்தில் தொடங்கி சுவாமிமலை, பாபநாசம், திருவையாறு வழியாகக் கல்லணை வரை நான்கு நாள் பயணம். மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் சைக்கிளில். ஏழாவது ஆள், பெட்டிகளோடும் தண்ணீர் கேன்களோடும் எங்கள் பின்னால் வரும் வேனில்.

அந்த ஏழாவது ஆள் அறுபது வயது அம்மாள். சென்னையிலிருந்து கணவரோடு வந்திருந்தார். கணவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று மலைப்பாதை எல்லாம் சைக்கிளில் ஏறியவர். உடம்போடு ஒட்டிய பனியன், கறுப்புக் கண்ணாடி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள். முதல் நாளே என்னிடம், "என்னம்மா, இந்த ஊர்ல ஏத்தமே கிடையாதா?" என்று குறைபட்டுக்கொண்டார். "பாலம் வரும் சார்" என்று சமாதானம் சொன்னேன்.

நாங்கள் நிற்கும் இடங்களுக்கெல்லாம் வேன் முன்கூட்டியே போய்விடும். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த அம்மாள் கீழே இறங்கி, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பார். எல்லோருக்கும் கொடுப்பார். கொடுக்கும்போது அவர் கண் எங்கள் முகத்தில் இருக்காது, சைக்கிளில் இருக்கும். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, சுவாமிமலையிலிருந்து பாபநாசம் போகும் வழியில் வாய்க்காலை ஒட்டிய ஒரு சின்னத் தார்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அறுவடை நேரம். சாலையின் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில்தான் சைக்கிளும் வேனும் போக வேண்டும். ஓர் ஊரின் முனையில் அறுவடை மிஷின் ஒன்று வயலிலிருந்து சாலைக்கு ஏறும்போது சக்கரம் போல ஓடும் ஒரு பக்கத்துப் பெல்ட் கழன்று, குறுக்கே அப்படியே நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் ஆவும்ணே?" என்று மிஷின் டிரைவரைக் கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் வச்சுக்குங்க" என்றபடி அவர் மிஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

சைக்கிள்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். வேனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் பயணம், இரண்டாம் நாளே திட்டம் குலைந்துவிட்டது. எல்லோரையும் ஒரு புங்கமர நிழலில் உட்கார வைத்து இளநீருக்கு ஏற்பாடு செய்தேன்.

எதிர் வீட்டுப் பெண் சாலையில் காயும் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து, கிளறிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் வீட்டுச் சுவரில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பார்களே, குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்வாக, அந்த மாதிரி.

வேனிலிருந்து இறங்கிய அம்மாள் நேராக அதன் பக்கத்தில் போய் நின்றார். சீட்டில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது உயரம் கம்மியா இருக்கே. எனக்குக் கால் எட்டும்ல?"

"எட்டும் மேடம். ஓட்டுவீங்களா?"

"ஓட்டினதே இல்லை. கத்துக் கொடுக்கறீங்களா?"

"இப்பவா?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்றாரே."

நெல் கிளறிய பெண்ணுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "எடுத்துக்குங்கம்மா. பாப்பா இன்னிக்கு லீவுதான்" என்றார். கணவர் மரத்தடியிலிருந்து பதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"உனக்கு என்ன ஆச்சு? இந்த வயசுல விழுந்தா எலும்பு கூடாது!"

"விழுந்தா வேன்ல ஏத்திட்டுப் போங்க. வேன் சும்மாதானே நிக்குது" என்றார் அம்மாள்.

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். நாலு அடி, நிற்பது. ஆறு அடி, நிற்பது. ஏழெட்டு முறை இப்படிப் போனது. அடுத்த முறை ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்குத் திரும்பி, காயும் நெல்லுக்குள் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டே போய், குவித்து வைத்திருந்த நெல்லில் மோதியது. அம்மாள் நெல்லின்மேல் உட்கார்ந்த நிலையில் விழுந்தார்.

கணவர் ஓடி வந்தார், நான் ஓடினேன், அந்த வீட்டுப் பெண்ணும் ஓடி வந்தார். அம்மாள் தலையெல்லாம் நெல்லோடு சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்லம்மா. உங்க நெல்லைப் பாழ் பண்ணிட்டேனே."

"நெல்லுக்கு என்ன ஆவும்? நாங்க நாளெல்லாம் காலாலதான் மிதிக்கிறோம். எந்திரிங்க." தூக்கிவிட்டவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த இறுக்கு இறுக்கிப் புடிச்சா சைக்கிள் எப்படிங்க போவும்? தள்ளிக்குங்க, நான் புடிக்கிறேன். அம்மா, வீலைப் பாக்காதீங்க. தூரமா பாருங்க. மிதிங்க, நிறுத்தாம மிதிங்க!"

வழிகாட்டி நான்தான். ஆனால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வீட்டுப் பெண் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். மூன்றாவது முறை ஓடும்போது, சத்தமில்லாமல் கையை எடுத்துவிட்டார். அம்மாளுக்குத் தெரியவில்லை. மிதித்துக்கொண்டே போனார். ஒரு மின்கம்பம் தாண்டினார், இரண்டு தாண்டினார். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்: மிஷினின் பெல்ட் எப்போதோ மாட்டியாகிவிட்டது. டிரைவர் துணியில் கையைத் துடைத்தபடி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"எடுக்கலையாண்ணே?"

"அவங்க ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும். அப்பறம் எடுக்குறேன்."

கணவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மனைவி இறங்கி மூச்சு வாங்கும்போது கிட்டப் போய் மெல்லக் கேட்டார். "உனக்கு சைக்கிள்ல ஆசை இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்லையே" என்றார் அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தலையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார் கணவர்.

அன்று மாலையே கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோவில் தாழ்வான சைக்கிள் ஒன்று வந்து இறங்கியது. மூன்றாம் நாள் அம்மாள் காலையில் ஒரு கிலோமீட்டர், மாலையில் ஒன்று ஓட்டினார். கடைசி நாள் கல்லணைக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது வேனை நிறுத்தச் சொல்லி எங்களோடு சேர்ந்துகொண்டார். நேராகப் போக வந்துவிட்டது, திரும்பத்தான் வரவில்லை. திருப்பம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறிக்கொள்வார். அதுவரை எப்போதும் முதல் ஆளாகப் பறந்த கணவர் அவருக்குப் பின்னால், அவர் வேகத்துக்கு வந்தார்.

அணைக்குப் போனதும் எல்லோரும் ஆற்றைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாள் நிற்க மாட்டேன் என்றுவிட்டார். "ஓட்டும்போது எடுங்க." போனைப் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கமாகவே ஓடினேன். பத்துப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் கலங்கல். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், முகமே தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"இதை அனுப்புங்க. இதுலதான் நான் ரொம்ப வேகமா போறேன்."